மேலே ஒரு சல்லி

கொற்றங்குடி அரசர் சேந்தனார் வாய்விட்டுச் சிரித்தால் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் பறந்துவிடும். அவரைச் சிரிக்க வைக்கவே சம்பளம் வாங்கியவன் பூவராகன். பெயரில் மட்டும்தான் வராகன்; மடியில் என்றைக்கும் சில்லறைதான்.

ஒருநாள் சபையில் மந்திரி திருமலைராயர் எழுந்தார்.

"அரசே, ஒரு சல்லிக்காசு அடிக்க இரண்டு சல்லி செலவாகிறது. அதைக் கொடுத்தால் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட வராது. ஒழித்துவிடலாம்."

"சரி. நாளை முதல் சல்லி செல்லாது" என்றார் அரசர்.

மந்திரி உட்காரவில்லை. பூவராகனைத் திரும்பிப் பார்த்தார். "செலவு அதிகம், பயன் குறைவு என்று இந்தச் சபையில் இன்னொன்றும் இருக்கிறது. சல்லிக்குப் பெறாத ஆள்!"

பூவராகன் எழுந்து கும்பிட்டான்.

"உண்மைதான் அரசே. என் மாமியார் இதைவிடக் குறைத்தே சொல்வார். ஆனால் சல்லி போய்விட்டால், அடுத்த சிறிய காசு பணம்தான்; மந்திரியார் என்னை 'ஒரு பணம் பெறாதவன்' என்றல்லவா திட்ட வேண்டும்? அப்போது அரைப் பணமாவது பெறுவேன் என்று ஊர் நம்பிவிடுமே!"

சபை சிரித்தது. அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பேச்சு போதாது பூவராகா. நாளை மந்திரி மகளுக்குக் கல்யாணம். அது முடிவதற்குள், சல்லி இல்லாமல் ஆகாத காரியம் ஒன்றைக் காட்டு. இல்லாவிட்டால் சல்லியோடு நீயும் கிளம்பு."

பூவராகன் வீட்டில் செய்தியைச் சொன்னான். "உங்க சாமர்த்தியம் எனக்குத் தெரியாதா?" என்று மனைவி மரகதம் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் கல்யாணத்தில் மொய் வைக்க வரிசை நின்றது. தட்டுடன் நின்றவர் மந்திரியின் மனைவி. முதல் ஆளாகப் பூவராகன் பத்துப் பணம் வைத்தான்.

"என்னங்க இது, மொட்டையா வைக்கிறீங்க? முழுத் தொகை வச்சா அத்தோட முடிஞ்சுதுன்னு அர்த்தம். எம் பொண்ணு இப்பத்தான் வாழவே தொடங்குறா! மேலே ஒரு சல்லி வையுங்க."

"சல்லியைத்தான் உங்க வீட்டுக்காரர் ஒழிச்சிட்டாரே, அம்மா."

"அப்ப ஒரு பணம் வையுங்க."

"என்னிடம் இருந்ததே இந்தப் பத்துதான். மேலே ஒன்று வைக்க வழியில்லை. அதனால் கீழே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது! இப்போது மொட்டை இல்லையே?"

தட்டிலிருந்து ஒரு பணத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டான்.

பின்னால் நின்றவர்களுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. ஐம்பது கொண்டுவந்தவர் நாற்பத்தொன்பது வைத்தார். இருபது கொண்டுவந்தவர் பத்தொன்பது வைத்தார். மந்திரிக்கு வியர்த்தது.

கடைசியில் அரசர் வந்தார். தட்டில் நூறு பொன் வராகன்.

"நமக்கும் அதே வழிதான்" என்று ஒரு வராகனை எடுக்கக் கை நீட்டினார்.

மந்திரி பாய்ந்து வந்தார். இடுப்பைத் துழாவி ஒரு செம்புக்காசை எடுத்துத் தட்டில் போட்டார். "வேண்டாம் அரசே! இதோ, மேலே ஒரு சல்லி!"

"அது செல்லாதே, ஐயா?" என்றான் பூவராகன்.

"செல்லும், செல்லும்! அரசே, செல்லும் என்று சொல்லுங்கள்!"

அரசர் சிரித்த சிரிப்பில் மந்திரி வீட்டுப் புறாக்கள் அத்தனையும் பறந்தன.

"சல்லியும் இருக்கட்டும், நீயும் இரு!" என்று நூறு பணம் இருந்த பையைப் பூவராகனிடம் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டவன் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இன்னும் என்ன?"

"இந்த நூறு பணம் தங்கள் பெருமைக்கு, அரசே. மேலே ஒரு சல்லி போட்டால், மந்திரியார் சொன்ன என் மதிப்புக்கு உள்ளதும் வந்துவிடும்!"