உப்பளத்தில் ஒன்பது முகங்கள்

முன்னே முன்னே, ஒரு சுருள் பிலிமுக்கு முப்பத்தாறே படம் என்றிருந்த காலத்தில், உப்பு விளையும் ஓர் ஊரில் ஜெசிந்தா என்றொரு படக்காரி ஸ்டுடியோ வைத்திருந்தாள். வயது இருபத்தொன்பது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள ஒரு சீடர் வந்து சேர்ந்தார். பொன்னுலிங்கம், வயது ஐம்பத்திரண்டு. கப்பலில் எஞ்சின் பார்த்துவிட்டுக் கரையேறியவர். போன துறைமுகத்தில் எல்லாம் கேமரா வாங்கிச் சேர்த்திருந்தார்.

எந்தக் கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் காட்சி முழுவதையும் கூட்டிக் கலந்து சராசரி சொல்லும், எது நடுவட்டத்துக்கு மட்டும் கூடுதல் மரியாதை கொடுக்கும், எந்த மோட்டார் நொடிக்கு மூன்று படம் தள்ளும், எது ஐந்து தள்ளும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜெசிந்தாவிடம் இருந்ததோ மீட்டரே இல்லாத பழைய பெட்டி. ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் பிலிமை நகர்த்த வேண்டும்.

"எதுதான் வாத்தியாரம்மா உசத்தி?" என்று தினமும் கேட்பார். அவள் பதில் சொன்னதில்லை.

அந்த ஊரின் உப்பளம் ஒன்றில் ஒன்பது பெண்கள் குடிதண்ணீரும் காலுக்கு பூட்ஸும் கேட்டு மனுக் கொடுத்தார்கள். இவர்கள் என் ஆட்களே இல்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் எழுதிக் கொடுத்த அன்றைக்கும் அவர்கள் அவருடைய பாத்தியில்தான் உப்பு வாரினார்கள்.

தொழிலாளர் அலுவலகத்தில் மாலை நாலு மணிக்கு விசாரணை. ஆதாரம் இல்லையென்றால் மனு தள்ளுபடி. அன்று காலையில் அவர்களில் பேச்சித்தாய் என்கிறவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். நாங்க அங்க நிக்கிறதைப் படமாப் பிடிச்சுத் தரணும் என்றாள்.

"வாங்க அண்ணாச்சி, எது உசத்தின்னு இன்னைக்குப் பாத்துருவோம்" என்றாள் ஜெசிந்தா.

உப்பளம் கண்ணைக் கூச வைத்தது. பெண்கள் முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். பேச்சித்தாய் முதலில் அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

பொன்னுலிங்கம் மீட்டர் முள்ளைப் பார்த்தார். உப்பின் வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் ரொம்ப அதிகம் என்றது முள். அது சொன்னபடி லென்ஸின் துளையைச் சுருக்கி, பட்டனை அமுக்கினார். மோட்டார் தையல் மெஷின் மாதிரி ஓடியது.

ஜெசிந்தா பேச்சித்தாய்க்குப் பக்கத்தில் போய்த் தன் உள்ளங்கையை நீட்டி, அதில் விழுந்த நிழலைப் பார்த்தாள். அவர் தன் கேமராவில் சுருக்கிய துளையை அவள் தன் பெட்டியில் திறந்து வைத்தாள். மீட்டர் ஒத்துக்காதே என்று அவர் முனகினார்.

மோட்டார் சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து கங்காணி வந்தான். யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க, பெட்டியை உடைச்சிருவேன் என்று கத்தினான். பிறகு பெண்களைப் பார்த்து விரலை நீட்டினான்.

"பேச்சித்தாயி, பலகைய எடு. ஒன்பது பேரும் பாத்தியில இறங்குங்க."

ஒருத்தியும் அசையவில்லை.

பொன்னுலிங்கம் பட்டனை அமுக்கினார். மோட்டார் மூச்சு விடவில்லை. முப்பத்தாறும் தீர்ந்திருந்தது.

ஜெசிந்தா கட்டைவிரலால் பிலிமை நகர்த்தினாள்.

"கங்காணி, முகத்தை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள்.

நீட்டிய விரலோடே அவன் திரும்பினான். அவள் எடுத்தாள். அவன் கேமராவைப் பிடுங்க வந்தபோது, பெண்கள் உப்பு வாரும் பலகைகளோடு குறுக்கே வந்து நின்றார்கள். அவன் வைதுகொண்டே பின்வாங்கினான்.

மூன்று மணிக்குப் படங்கள் கொடியில் தொங்கின. பொன்னுலிங்கத்தின் முப்பத்தாறிலும் உப்பு மணிமணியாகத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது மைப் பொட்டுகள். ஜெசிந்தாவின் படத்தில் ஒன்பது முகங்களும் வியர்வையோடு இருந்தன. கங்காணியின் நீட்டிய விரல் இருந்தது. கொட்டகைச் சுவரில் கம்பெனிப் பெயர் இருந்தது. உப்பு மட்டும் வெறும் காகிதமாக வெளுத்திருந்தது.

அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். மனம் ஒப்பவில்லை.

"உப்பு சுத்தமா போச்சே வாத்தியாரம்மா. உலகத்துல எந்த மீட்டரும் இதைச் சரின்னு சொல்லாது."

ஜெசிந்தா படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"மனுக் கொடுத்தது உப்பு இல்லையே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

பொன்னுலிங்கம் கதவைச் சாத்திவிட்டு அவள் பின்னால் நடந்தார்.