கரடித் தலைவர் கட்டிய வாசல்

புங்கங்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சுவர் கிடையாது, கூரை கிடையாது. ஒரு நாவல் மரமும் அதன் நிழலும்தான் பள்ளிக்கூடம். முள்ளம்பன்றி டீச்சர் தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளால் மணலில் எழுதிப் பாடம் நடத்துவார்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒவ்வொரு குடும்பமும் ஒரு பங்கு கொண்டுவந்து இலுப்பை மரப் பொந்தில் போட வேண்டும். கிழங்கோ, கொட்டையோ, தேனோ, முடிந்ததைப் போடலாம். அது யாருடைய சொத்தும் இல்லை, எல்லாருடைய சொத்து. அதிலிருந்து தினமும் இரண்டு கிழங்கு டீச்சருக்குப் போகும். இரை தேடி அலைய வேண்டாம் என்பதால் டீச்சரும் காலை முழுக்கப் பிள்ளைகளோடு இருப்பார்.

அந்த வருஷம் நல்ல மழை. பொந்து நிரம்பி வழிந்தது. கரடித் தலைவர் கூட்டம் போட்டார்.

“பொந்து நிறைஞ்சு கிடக்கு! பள்ளிக்கூடத்துக்குப் பெருசா ஏதாவது செய்யணும். என்ன செய்யலாம்?”

“இன்னொரு டீச்சர் வைக்கலாமே,” என்றது முயல்.

“அதை யாரு பார்க்கப்போறா?” என்றாள் மயில். “ஒரு வாசல் கட்டுங்க தலைவரே! மூங்கில் தூண், அதுக்கு மேல என் வீட்டுக்காரரோட தோகை. வெயில் பட்டா தகதகன்னு மின்னும்!”

கரடியின் முகம் மலர்ந்தது. “அதுதான் சரி! மலை மேல நின்னு பார்த்தாலும் தெரியணும். தூணை நாலு முழ ஆழத்துல நடுங்க. யானை முட்டினாலும் அசையக் கூடாது!”

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். ஆள்காட்டிக் குருவி மட்டும் முன்னால் வந்து நின்றாள்.

“தலைவரே, வாசலுக்கு எவ்வளவு ஆகும்?”

“மூங்கில் வெட்டுறவங்களுக்குக் கூலி, திறப்பு விழாவுக்கு விருந்துன்னு பொந்துல இருக்குறது பூராவும் ஆகும்.”

“அப்போ டீச்சர் சாப்பாட்டுக்கு?”

“அடுத்த பௌர்ணமிக்குப் பார்த்துக்கலாம்!”

“ஆரம்பிச்சுட்டாய்யா!” என்று குரங்கு சிரித்தது. “காத்தடிச்சாலும் கத்துவா, இலை விழுந்தாலும் கத்துவா!”

அது உண்மைதான். வெட்டவெளியில் முட்டையிட்டு அடைகாப்பவளுக்கு எப்படி நிம்மதி வரும்? நரி வருமா, மாடு மிதிக்குமா என்று பயந்தே அவள் பாதி இளைத்துவிட்டாள். ஆனால் பள்ளிக்கூடம் நின்றுவிடுமோ என்ற இந்தப் பயத்துக்கு வேறு காரணம் இருந்தது. அவளுடைய வலது காலில் ஒரு விரல் கிடையாது. சின்ன வயதில் அவள் இரண்டாம் பாடத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். வேடர் வைக்கும் கண்ணியைப் பற்றிய பாடம் மூன்றாவது. அந்த விரல் ஒரு கண்ணியோடு போயிற்று.

இப்போது அவளுக்கு நான்கு பெண் குஞ்சுகள். மூத்தவள் பவளம். பொரித்த நாளிலேயே நடக்கத் தொடங்கும் ஜாதி அவர்கள். அவர்கள் மூன்றாம் பாடம் படித்து முடிக்கிற வரைக்கும் தாய்க்குத் தூக்கம் ஏது?

வாசல் எழுந்தது. திறப்பு விழாவில் மரங்கொத்தி மேளம் வாசித்தது. எல்லாருக்கும் தேன் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு முறை வாசலில் நுழைந்து பார்த்தார்கள்.

மறுநாள் டீச்சருக்குக் கிழங்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் டீச்சர் கிளம்பிவிட்டார்.

“பசிச்ச வயித்தோட பாடம் வரமாட்டேங்குது ஆள்காட்டிம்மா. அக்கரையில கிழங்கு தோண்டப் போறேன். கோவிச்சுக்காதீங்க.”

“எத்தனை பாடம் முடிஞ்சுது டீச்சர்?”

“ரெண்டு.”

கண்ணிப் பாடம் இன்னும் பாக்கி! ஆள்காட்டி அன்றைக்கே வீடு வீடாகப் போனாள். “வீட்டுக்கு ஒரு நாள் முறை. ரெண்டே ரெண்டு கிழங்கு குடுங்க! டீச்சரைக் கூட்டிட்டு வந்துடலாம்!”

“எனக்குப் பிள்ளையே இல்லை. நான் எதுக்குத் தரணும்?” என்றது குரங்கு.

“நீ நடக்குற பாதையிலதானே எங்க பிள்ளைங்களும் நடக்குது? அதுங்க கண்ணியை முதல்ல பார்த்துக் கத்தினா, உன் காலும் தப்பிக்குமா இல்லையா?”

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போனது. இரண்டு கிழங்கு வந்தது.

“என் பிள்ளைங்களுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? வீட்டுலயே ஆடக் கத்துக் குடுத்தாச்சு!” என்றாள் மயில்.

“பிள்ளையில்லாத என்கிட்டயுமா கேட்குறே? வாசலே நான்தானே கட்டினேன்!” என்றார் கரடி.

மற்றவர்கள் கொடுத்தார்கள். சிலர் பிள்ளைகளுக்காகக் கொடுத்தார்கள். சிலர் இவள் கத்தலை நிறுத்தினால் போதும் என்று கொடுத்தார்கள். ஆள்காட்டி இரண்டு தரப்புக் கிழங்கையும் ஒன்றாகவே வாங்கிக்கொண்டாள்.

டீச்சர் திரும்பி வந்தார். கொடியில் சுருக்குப் போட்டு மூன்றாம் பாடத்தை நடத்தினார்.

“மாட்டிக்கிட்டா என்ன செய்யக் கூடாது?”

“இழுக்கக் கூடாது!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“ஏன்?”

“இழுத்தா இறுகும்!”

“வேற என்ன செய்யணும்?”

“கயிறு கட்டின பக்கமே போகணும்! சுருக்கு தளரும்! முள்ளை விட்டு நெம்பணும்!”

இப்படி இருக்கும்போது, ஒரு நாள் மலை மேல் இரண்டு வேடர்கள் வந்தார்கள். கீழே காட்டுக்குள் ஏதோ தகதகவென்று மின்னியது.

“அடே, மயில் தோகை! யாரோ வாசல் கட்டி வச்சிருக்காங்கடா!”

“வாசல் இருந்தா எல்லாம் அந்த வழியாத்தானே போகும்? நமக்கு அலைச்சல் மிச்சம்!”

இருட்டிய பிறகு சத்தமில்லாமல் வந்து, வாசல் தூணிலேயே தடித்த கயிற்றைக் கட்டிக் கண்ணி வைத்தார்கள். மேலே சருகைத் தூவிவிட்டுப் போனார்கள்.

கரடித் தலைவருக்குத் தினமும் காலையில் வாசலின் அழகைப் பார்க்க வேண்டும். அன்றும் தலையை நிமிர்த்தித் தோகையைப் பார்த்தபடியே நுழைந்தார். நிமிர்ந்த தலைக்குக் கீழே கிடந்தது தெரியுமா? சரக்! கால் மாட்டிக்கொண்டது.

இழுத்தார். சுருக்கு இறுகியது. இன்னும் இழுத்தார். தூண் அசையவே இல்லை.

“எந்த மடையன் இதை இவ்வளவு ஆழமா நட்டான்?” என்று அலறினார்.

“நீங்கதான் நாலு முழம்னு சொன்னீங்க தலைவரே!” என்றாள் மரத்தின் மேலிருந்த மயில்.

அந்த நேரம் பவளமும் முயல்குட்டியும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

“மாமா, இழுக்காதீங்க!” என்றாள் பவளம். “தூண் பக்கம் வாங்க!”

“கோலிக்குண்டு அளவு இருந்துக்கிட்டு எனக்குச் சொல்றியா? தப்பிக்கணும்னா விலகி ஓடணும். நீ கிட்ட வரச் சொல்றே!”

“மூணாம் பாடம் மாமா! சொன்னா கேளுங்க!”

தூரத்தில் ஆள்காட்டியின் குரல் கேட்டது. வேடர்கள் வருகிறார்கள்! இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கரடி கண்ணை மூடிக்கொண்டு தூணை நோக்கி ஓரடி வைத்தார். கயிறு தொய்ந்தது. முயல்குட்டி, பாடத்துக்காக டீச்சர் கொடுத்திருந்த முள்ளைச் சுருக்குக்குள் விட்டு நெம்பியது. பவளம் தளர்ந்த சுருக்கை அலகால் பற்றி விரித்தாள். கால் வெளியே வந்தது! மூவரும் புதருக்குள் பாய்ந்தார்கள்.

வேடர்கள் வெறும் கயிற்றைப் பார்த்தார்கள். பிறகு தோகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலையே கரடி வாசலைப் பிரிக்க ஆரம்பித்தார். நாலு முழம் அல்லவா! தூணைத் தோண்டி எடுக்க மூன்று நாள் ஆயிற்று. குரங்கு பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் ஆழமா தலைவரே!” என்று உற்சாகப்படுத்தியது.

அடுத்த பௌர்ணமிக்குக் கரடி இரண்டு பங்கு கொண்டுவந்தார். “ஒண்ணு என் முறை. இன்னொண்ணு நான் தவறவிட்ட ரெண்டு கிழங்குக்கு,” என்றார். அன்றிலிருந்து பொந்தில் சேர்வதில் முதல் பங்கை டீச்சருக்கு எடுத்துவைத்த பிறகுதான் மற்ற பேச்சு. இன்னொரு டீச்சரும் வந்தார். மயில் தன் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தாள்.

மறுநாள் டீச்சர் மூன்றாம் பாடத்தைப் புதுப் பிள்ளைகளுக்கு மறுபடி நடத்தினார். கடைசி வரிசையில் ஆள்காட்டி நின்றாள்.

“என்ன ஆள்காட்டிம்மா, நீங்களுமா?”

“பிள்ளைங்களைக் கொண்டுவந்து விட்டேன் டீச்சர், அவ்வளவுதான்…” என்று இழுத்தாள். பிறகு ஒரு விரல் குறைந்த காலை ஓரடி முன்னால் வைத்தாள். “அந்த முள்ளை எப்படிப் பிடிக்கணும்?”

ஊரார் சேர்த்த பொருளை ஊர்ப் பிள்ளைகளின் படிப்பில் போட்டால், பிள்ளை இல்லாதவரின் காலையும் அது காக்கும்.