காய்ந்த பிளேட்

அந்த ஊசிமருந்துத் தொழிற்சாலையில் எஸ்தரை யாரும் குரு என்று சொன்னதில்லை. மேடம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பூங்கோதைக்கு அவர்தான் குரு. கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் அவள் கற்றதெல்லாம் அவரிடம் கற்றது. இப்போது அவளுக்கே நரை எட்டிப் பார்க்கிறது.

கீழே மருந்து நிரப்பும் கூடத்தில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாடியில், அதிகாரிகள் உட்காரும் இடத்தில், ஒரே ஒரு பெண். எஸ்தர்தான். தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மருந்து வாசலைத் தாண்டும்.

அவருக்கு முன்னால் அந்த நாற்காலிக்கு வந்த இரண்டு பெண்களும் நிலைக்கவில்லை. ஒருத்தி மருந்தை நிறுத்திவைத்தாள். சால்வை போர்த்திப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இன்னொருத்தியும் நிறுத்திவைத்தாள். அவளுக்குச் சால்வைகூடக் கிடைக்கவில்லை.

எஸ்தர் ஓய்வுபெறும் மாதம் வந்தது. நாற்காலியைப் பூங்கோதைக்குத் தருவதாக நிர்வாகம் சொன்னது. அந்த இடத்தில் ஒரு பெண் இருப்பது கம்பெனிக்குப் பழகிப்போயிருந்தது. ஆண்டு மலரில் படமும் நன்றாக விழும்.

பூங்கோதைக்குத் தூக்கம் போயிற்று. குழந்தைகளுக்குப் போடும் ஊசிமருந்தில் ஒரு பேட்ச் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அதை நிரப்பிய அன்று கூடத்துக் காற்றில் கிருமி இருந்ததைக் கண்டுபிடித்து மேலே எழுதியனுப்பியவள் அவள்தான். வெளியே விடுவதா, அழிப்பதா என்று தலைவர் முடிவு சொல்லவேண்டும்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீங்கதானே தலைவர். அதையும் நீங்களே நல்லபடியா முடிச்சுக் குடுத்துடுங்க" என்றார் நிர்வாக இயக்குநர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் புரியாமல் இல்லை.

அவள் எஸ்தரிடம் போனாள்.

"மேடம், ஏத்துக்கட்டுமா?"

"ஆசை இருக்கா?"

"இருக்கு. எனக்குக் கீழ வேலை கத்துக்கிட்ட பசங்க எல்லாம் என்னைத் தாண்டி மாடி ஏறிட்டாங்க. ஆசை இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப நீ கேக்க வந்தது அது இல்ல. கேக்க வந்ததைக் கேளு."

பூங்கோதை தயங்கினாள்.

"அந்த நாற்காலியில எப்படி நிலைக்கிறது மேடம்? முன்னாடி வந்தவங்களைத் தூக்கிட்டாங்க. உங்களை மட்டும் யாராலயும் அசைக்க முடியலையே."

எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு பிளேட் எடுத்துட்டு வா" என்றார்.

பிளேட் என்பது உள்ளங்கையளவு வட்டத் தட்டு. கிருமிக்குத் தீனியாக அதில் ஒரு கூழை ஊற்றி உறையவைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து ஓர் அறையில் வைத்தால் காற்றில் இருக்கும் கிருமிகள் அதன்மேல் விழும். பிறகு வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தால் விழுந்ததெல்லாம் புள்ளி புள்ளியாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும். அறை எப்படி என்று பிளேட் சொல்லிவிடும்.

செருப்பு விடும் அறையில், ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்தில், இரண்டையும் திறந்துவைக்கச் சொன்னார் எஸ்தர்.

"ஒண்ணை மதியம் எடுத்துடு. இன்னொண்ணை மறந்துடு."

"நாலு மணி நேரத்துக்கு மேல விடக் கூடாதே மேடம்."

"தெரியும். மறந்துடு."

பூங்கோதை அப்படியே செய்தாள். மறந்துவிடச் சொன்னதை மறுநாள் சாயங்காலம்தான் எடுத்தாள். இரண்டும் பெட்டிக்குள் போயின.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. எஸ்தர் இரண்டு பிளேட்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். முதலாவதில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. ஓர் ஓரத்தில் பஞ்சுபோலப் பூஞ்சணம். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. கூழ் சுருங்கி, பித்தவெடிப்பு விழுந்த குதிகால்போல் கிடந்தது.

"எது சுத்தமான அறை?"

பூங்கோதைக்குக் கோபமே வந்துவிட்டது. விடிந்தால் திங்கள். இவர் பிளேட்டை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்.

"மேடம், புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்குடுக்கிற பாடம் இது. ரெண்டும் ஒரே அறை. ரெண்டு மேலயும் அதே அழுக்குதான் விழுந்துச்சு. இது காத்துல ரொம்ப நேரம் இருந்து காஞ்சுபோச்சு. காஞ்சதுல எதுவும் வளராது."

"விவரம் தெரியாதவங்க பார்த்தா?"

"சுத்தம்னு நினைப்பாங்க. பிரேம் போட்டு மாட்டினாலும் மாட்டுவாங்க."

எஸ்தர் லேசாகச் சிரித்தார்.

"வளர்ந்திருக்கே, இதை என்ன பண்ணுவோம்?"

"எண்ணுவோம். அப்புறம் ஆவியில அவிச்சுக் குப்பையில போடுவோம்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

எஸ்தர் தலையசைத்தார். காய்ந்த பிளேட்டை மட்டும் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே மேடம். இத்தனை வருஷம் எப்படி நிலைச்சீங்க?"

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் அந்த நாற்காலிக்குப் போனதுக்கப்புறம், நான் நிறுத்திவச்ச ஒரு பேட்ச் சொல்லு பாப்போம்."

இது என்ன பெரிய கேள்வி என்று பூங்கோதை வாயைத் திறந்தாள். எத்தனையோ தடவை சந்தேகம் வந்து மேலே எழுதியனுப்பியிருக்கிறாள். அவையெல்லாம் என்ன ஆயின என்று அவள் கேட்டதில்லை. மேடம் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. மேடத்துக்குக் கிடைத்த விருது ஞாபகம் வந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் கைகுலுக்கிப் பாராட்டியது ஞாபகம் வந்தது. மாடியில் கேக் வெட்டியதும் ஞாபகம் வந்தது.

"ஒண்ணு போதும் பூங்கோதை" என்றார் எஸ்தர்.

நிஜமாகவே பதிலுக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். பூங்கோதையால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.