தத்துவம் திரும்பிய தட்டு

இசை விமர்சகர் ஆளவந்தாருக்குத் தான் கேட்டதுதான் வேதம். ப்ராக்ரசிவ் ராக் என்ற மேற்கத்திய இசைவகையில் பழைய இசைத்தட்டு ஒன்று, இரு பக்கப் பாடல்களும் சேர்ந்து ஒரே கதை. அதைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார்.

"நாயகன் முதலில் சாகிறான், அப்புறம் பிறக்கிறான். என்ன தத்துவம்!"

புத்தகத்துக்குப் பக்கம் அமைத்த தில்லைக்கரசி தயங்கினாள். "சார், தட்டை இரண்டாம் பக்கத்துலேர்ந்து போட்டுட்டீங்களோ?"

"நான் கேட்ட வரிசைதான் சரி! பக்கம் அடுக்குற வேலையை மட்டும் பாரு. இல்லேன்னா சீட்டு கிழிஞ்சிடும்."

அடுக்கினாள்.

வெளியீட்டு விழா மேடையில் புத்தகத்தைத் திறந்தவர் மைக் இருப்பதையும் மறந்து அலறினார். "முடிவுரை முதல்ல இருக்கு, முன்னுரை கடைசியில இருக்கு! பின்பாதியிலேர்ந்து எந்த முட்டாளாவது ஆரம்பிப்பானா?"



"தத்துவம்னு நினைச்சேன் சார்," என்றாள் மேடையோரம் நின்ற தில்லைக்கரசி.