டிக்கெட் போடுங்க

தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி. அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ரெஜினா மேடம்தான் தலைமை. அவருக்குக் கீழே வேலை பார்க்கிற பெர்க்மான்ஸ் அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் தொழில் கற்றது அவரிடம்தான். மேடம் சொல்லித்தந்த முதல் பாடம்: "யார் எது கேட்டாலும் டிக்கெட் போடச் சொல்லுங்க." வேண்டியதைக் கம்ப்யூட்டரில் எழுதிப் போட்டுவிட்டு வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். அதுதான் டிக்கெட்.

கொள்முதல் பார்க்கிற லூர்தம்மாள் ஒருநாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். பின்னால் மீன் சுத்தம் செய்கிற யார்டுப் பெண்கள்.

"அண்ணாச்சி, கடலுக்குப் போன போட்டு திரும்பயில சிக்னல் கிடைச்சதுமே என்ன மீனு, எவ்வளவுன்னு நமக்கு வந்துரணும். கரை தொடுறதுக்குள்ள நான் விலை பேசி முடிச்சிருவேன். ஒரு வழி பண்ணித் தாங்க."

"டிக்கெட் போடும்மா."

"அது போன மழைக்கே போட்டாச்சு. எங்க யார்டுல டிக்கெட் வாங்கிட்டான்னா செத்துப்போனான்னு அர்த்தம், தெரியுமா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெர்க்மான்ஸுக்குச் சுரீரென்றது. 'பாதுகாப்புச் சிக்கல்' என்று ஒரு வரி தட்டி, டிக்கெட்டை மூடிவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

லூர்தம்மாள் எதிர்க் கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டதை அங்கே செய்து கொடுத்தார்கள். போட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? போட்டுகள் ஒவ்வொன்றாக அவள் பின்னாலேயே போயின. இப்போது யார்டையே இழுத்து மூடப்போகிறார்களாம், இன்று சாயங்காலம். அன்று சிரித்த பெண்கள் வாசலில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெர்க்மான்ஸ் மேடத்திடம் போய்ப் பொரிந்தார்.

"நம்ம பக்கம் என்ன தப்பு மேடம்? சர்வர் ஒரு நிமிஷம் படுத்ததுண்டா? வைரஸ் ஒண்ணு உள்ள வந்ததுண்டா?"

மேடம் அவரைக் குளிர்கிடங்குக்கு அழைத்துப்போய்க் கனத்த கதவைத் திறந்தார். பனிப்புகை முகத்தில் அடித்தது.

"மெஷின் எப்படி ஓடுது?"

"அருமையா ஓடுது."

"குளிர்?"

"எலும்பு வரைக்கும் இறங்குது."

"உள்ள என்ன இருக்கு?"

எட்டிப் பார்த்தார். துடைத்து வைத்தாற்போல் வெறும் தட்டுகள். ஒரு நெத்திலிகூட இல்லை.

அவர் மேடம் பக்கம் திரும்பினார்.

"மேடம், லூர்து கேட்டதை ரெண்டே நாள்ல செஞ்சிருதேன். அவ கால்ல விழுந்தாவது திரும்பக் கூட்டிட்டு வாரேன். முதலாளிகிட்ட சொல்லி யார்டை மூடாம நிறுத்துங்க. வாசல்ல நிக்கிற மூஞ்சிகளைப் பார்க்க முடியல."

மேடம் கதவைச் சாத்தினார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது.

"காலையில நானும் இதையேதான் அவர்கிட்ட கேட்டேன், பெர்க்மான்ஸ்."

"என்ன சொன்னார்?"

"டிக்கெட் போடும்மான்னார்."