க்வைட் தனியாகப் போன நாள்

அந்தக் காலத்தில் சொற்களுக்குக் கையும் காலும் இருந்தன, வாயும் இருந்தது. கப்பலேறி வந்த ஆங்கிலச் சொற்கள் ஒரு துறைமுகத்து ஊரில் குடியேறி, கூப்பிட்ட வீட்டுக்குப் போய்க் காரியம் செய்து கொடுத்தன.

அவற்றில் க்வயட் (quiet), க்வைட் (quite) இருவரும் இரட்டைச் சகோதரிகள். பெற்றவளே திணறும் முகச்சாயல். க்வயட் வந்து உட்கார்ந்தால் அந்த இடம் அமைதியாகிவிடும். க்வைட் தொட்டால் அரைகுறையாய் இருப்பது எதுவும் முழுதாகிவிடும். ஊருக்கு அமைதிதான் அடிக்கடி வேண்டியிருந்தது. "ஓ, நீ அவளில்லையா?" என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே க்வைட்டின் நாட்கள் கழிந்தன.

ஒரு மத்தியானம், வலை பின்னும் சவரியம்மா ஓடிவந்தாள்.

"ஏட்டி, நீதான க்வயட்? பிள்ளைக்கு மேலு லேசா சுடுது. அழுகைய நிறுத்த மாட்டேங்கான். கொஞ்சம் தூங்குனாத் தேறிருவான். வாட்டி!"

அக்கா க்வயட் கோயிலுக்குப் போயிருந்தாள். அதைச் சொல்லியிருக்கலாம்.

"நான்தான்க்கா," என்றாள் க்வைட்.

சவரியம்மா வீட்டுக்குப் போய், ஆசையாய்த்தான் பிள்ளையைத் தூக்கினாள். தொட்டதும் இளஞ்சூடு கொதிப்பாயிற்று. அழுகை அலறலாயிற்று. பிஞ்சு உடம்பு விறைத்தது.

"என்னட்டி செஞ்ச எம்பிள்ளைய?"

க்வைட் ஓடிப்போய் அக்காவை இழுத்து வந்தாள். க்வயட் தட்டிக்கொடுத்ததும் அலறல் நின்றது, கொதிப்பு நிற்கவில்லை. "சத்தத்தை அடக்கத்தான் எனக்குத் தெரியும்," என்று அவள் தலைகுனிந்தாள். அந்த அமைதி சவரியம்மாவை இன்னும் பயமுறுத்தியது.

வாசலில் கூடிய சொற்களுக்கு நடுவே வெல் நின்றது. நலம் என்று அதற்குப் பொருள்.

"எங்கிட்ட அவ்வளவு சக்தி இல்லம்மா," என்று அது பின்வாங்கியது. "தலைவலிக்குக் கொஞ்சம் கேட்கும்."

"கொஞ்சம் இருந்தால் போதும்," என்றாள் க்வைட். ஒரு கையால் அதன் கையை இறுகப் பிடித்து, மறு கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள்.

அந்தக் கொஞ்ச நலம் முழு நலமாயிற்று. பிள்ளைக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்து பாலுக்குச் சிணுங்கியது.

சவரியம்மா பிள்ளையை வாரிக்கொண்டாள். "இனிமே ஒத்தையில எவ வாசலையும் மிதிச்சிராத," என்றாள். க்வைட்டின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "யாரையாவது கூட்டிக்கிட்டு வா."

அன்று முதல்தான் க்வயட் தனியே வந்து அமர்கிறாள். அதே முகமுள்ள க்வைட்டோ இன்னொரு சொல்லின் கையைப் பற்றாமல் எந்த வாக்கியத்துக்குள்ளும் கால் வைக்கப் பயப்படுகிறாள்.