தவளகீர்த்தி ராஜா மகனுக்குப் பெயர் தேடியது

இந்த ஊர்களுக்கெல்லாம் இப்போதைய பேர் வருவதற்கு ரொம்ப முன்னால், கொன்றை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் தவளகீர்த்தி என்ற ராஜா. தவளம் என்றால் வெண்மை. பால்போல் வெளுத்த புகழ் உடையவன் என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர். ஆனால் பாடம் படிக்கப் போன இடத்தில் பிள்ளைகள் அதைத் 'தவளை' ஆக்கிவிட்டார்கள். ராஜகுமாரன் தலை தெரிந்தாலே கிணற்றடியில் ஒளிந்துகொண்டு 'கொர்ர், கொர்ர்' என்று கத்துவார்கள். முடிசூட்டி, சண்டையில் ஜெயித்து, மீசை நரைத்த பிறகும், மழை பெய்தால் ராஜா ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு வெகுகாலம் கழித்து ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. பேர் வைத்துத் தொட்டிலில் போடும் நாளும் வந்தது. பேர்தான் வரவில்லை.

சபையில் ராஜா உட்கார்ந்தார், எழுந்தார், தொட்டில்வரை போனார், திரும்பினார். இந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்து நாளைக்கு எவன் என்ன சொல்லுவானோ என்பதுதான் அவர் கவலை.

"அமைச்சரே, ஒரு பேர் சொல்லும். யாரும் அதைக் கெடுக்கக்கூடாது!"

அமைச்சர் அறவாழி நிதானமானவர். "வெற்றிவேல் என்று வைக்கலாம், அரசே."

உடனே அரசவைப் புலவர் செவ்வந்திநாதர் எழுந்தார். அமைச்சர் இருக்கையின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "ஐயோ, வெட்டிவேலை என்பார்களே! பிள்ளை எழுதினாலும் வெட்டிவேலை, குதிரை ஏறினாலும் வெட்டிவேலை!"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டாம், வேறு!"

"சந்திரசூடன்."

"சூடம்! தட்டில் வைத்து ஏற்றட்டுமா என்பார்கள்."

"குமணன்."

"குமட்டல்!"

"மணிமுடி."

"முதல் மொட்டை போட்டதும், 'முடி எங்கே முடி' என்று ஊரே கேட்கும், அரசே."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா திரும்பிப் பார்த்ததும் எல்லோருக்கும் இருமல் வந்தது.

புலவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அமைச்சர் எந்தப் பேரை வேண்டுமானாலும் சொல்லட்டும், அரசே. மூச்சு விடுவதற்குள் வளைத்துக் காட்டுகிறேன். என் நாக்கு அப்படி. பிள்ளைக்குப் பேர் வைக்கத் தெரியாதவர் நாட்டை எப்படி நடத்துவார் என்பதுதான் எனக்குக் கவலை."

அந்த நேரம் பார்த்து ஜோசியர், "நல்ல நேரம் முடியப்போகிறது" என்றார். ராஜா பொறுமை இழந்தார்.

"கேளும் அறவாழி! இன்னும் ஒரே ஒரு பேர். புலவர் அதை வளைத்துவிட்டால் உம்முடைய முத்திரை மோதிரம் அவர் விரலுக்குப் போகும்."

அமைச்சர் மோதிரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "சரி, அரசே. பூதலவீரன்."

"பூத..." என்று புலவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

பூதலவீரன் என்பது ராஜாவைப் பெற்ற அப்பாவின் பேர். பெரிய ராஜா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும், அந்தப் பேரைச் சொல்லும்போது தவளகீர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சொல்லுவார்.

ராஜாவின் புருவம் ஏறியது. "பூத... என்ன? சொல்லும். பூதம் என்றா சொல்ல வந்தீர்?"

"இல்லை இல்லை! பூ... பூதலமே போற்றும் பேர் என்று..."

"மூச்சு விடுவதற்குள் வளைப்பேன் என்றீரே!" என்றார் அமைச்சர்.

"மூச்சே வரவில்லை, ஐயா" என்றார் புலவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

இப்போது சபை இருமவில்லை, வாய்விட்டே சிரித்தது. ராஜா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேரனுக்குத் தாத்தா பேர்! இது எனக்கே தோன்றவில்லையே!" தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். "புலவரே, உம்முடைய நாக்குக்கும் வேலை தருகிறேன். பூதலவீரன் என்ற முழுப்பேரும் வரியில் வரும்படி தாலாட்டுக் கட்டி, பிள்ளை தூங்கும்வரை நீரே பாடும். தினமும்!"

ராஜா பிள்ளையின் காதில் மூன்று தரம் பேரைச் சொன்னார். அடுத்து, பெற்றவள் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூப்பிடு!"

"மாமனார் பேராயிற்றே... என் வாயால் எப்படிச் சொல்லுவேன்?"

ராஜா மறுபடியும் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அதற்குள் பிள்ளை வீல் என்று அழ, ராணி சபையை மறந்து தொட்டிலுக்கு ஓடினாள். "என் சுண்டெலியே, என் சுண்டெலிக் குட்டியே, அழாதேடா!"

அழுகை டக்கென்று நின்றது.

"சுண்டெலியா!" ராஜா தொட்டிலை எட்டிப் பார்த்தார். "இது எப்போதிருந்து?"

"பிறந்த அன்றிலிருந்து. நீங்கள் பாட்டுக்குப் பேர் தேடிக்கொண்டே இருந்தீர்கள். பிள்ளையை நான் எதையாவது சொல்லிக் கூப்பிட வேண்டாமா?"

"அமைச்சரே, இதற்கும் ஒரு வழி சொல்லும்!"

அறவாழி கைகூப்பினார். "புலவர் வாயை அடைத்தாயிற்று, அரசே. பெற்றவள் வாயை அடைக்க என்னால் ஆகாது. மோதிரத்தை வேண்டுமானால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்."

ராணி பிள்ளையை ராஜா கையில் கொடுத்தாள். கை மாறியதும் அது மறுபடி முகத்தைச் சுளித்தது. "பூதலவீரா" என்றார் ராஜா. அழுகை ஆரம்பித்தது. "பூதலவீரா, கண்ணா!" அழுகை மண்டபத்தைத் தூக்கியது. ராஜா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பட்டு அங்கவஸ்திரத்தால் வாயை மறைத்துக்கொண்டு பிள்ளையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

பிள்ளை அழுகையை நிறுத்தி, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

ராஜா நிமிர்ந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "யார் காதிலும் விழவில்லையே?"

சபை முழுக்க அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எது, அரசே?" என்றார்கள், ஒரே குரலில்.